கேழ்வரகுக் கொல்லையில் எலிகளை உயிருடன் பிடித்து, அளந்து, திரும்ப விடுதல்: கள ஆய்வுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் விலங்கியல் படித்துவிட்டு முதன்முறையாகக் கள ஆய்வில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்டோரக் கொல்லைகளில் வாழும் வெள்ளெலி (ஆய்வுக்கூட வெள்ளை எலி அல்ல, ஆங்கிலத்தில் Indian gerbil எனப்படும் காட்டு எலி), வயல் சுண்டெலி போன்றவற்றைப் பெட்டிப் பொறியில் பிடித்து, எடை பார்த்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறை இது. பிடிபட்ட எலியை எவ்வளவு பதமாகக் கையில் ஏந்துகிறோம் என்பதைவிட, நாம் போய்ச் சேரும்வரை அது பொறிக்குள் எத்தனை மணி நேரம், எந்த நிலையில் கிடந்தது என்பதே பெரும்பாலும் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது. ஆகவே இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் எலியைத் தொடுவதற்கு முந்தைய வேலைகளே.

படி 1: பிடிக்கத்தான் வேண்டுமா?

ஆய்வு விலங்குகளுக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் பிரிட்டிஷ் அறிவியலாளர் இருவர் 1959இல் வகுத்தனர். ஆய்வுக்கூடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவையாயினும் அவை கொல்லைக்கும் பொருந்தும். எலிகளின் நடமாட்டம் மட்டுமே உங்கள் கேள்வியானால், மாலையில் வளை வாய்களை மண்ணால் மூடிவிட்டு, காலையில் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணினாலே போதும். எடை, பால், இனப்பெருக்க நிலை ஆகியவை தேவைப்படும்போது மட்டும் பொறிக்குச் செல்லுங்கள்.

படி 2: அனுமதி

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிடிப்பதையும் பொறி வைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. ஆய்வுக்காக விலக்குப் பெற, அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் ஆய்வு செய்ய, உள்ளே நுழைவதற்கே தனி அனுமதி வேண்டும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், நிலத்துக்காரரின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

படி 3: எத்தனை பொறி, எந்த நேரம்?

பலரும் தங்களிடம் உள்ள பொறிகள் அனைத்தையும் வைத்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உங்கள் இரு கால்களால் எத்தனை பொறிகளைப் பார்த்து, எலிகளை அளந்து விட முடியுமோ, அத்தனைதான் வைக்க வேண்டும். அலுமினியப் பொறி சூரியன் ஏறியதும் விரைவில் சூடேறிவிடும் என்பதால், காலையில் பார்த்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்தி சாயும் வேளையில் மீண்டும் திறக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. கேழ்வரகு விளைந்து நிற்கும் மாதங்களில் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கத்துக் கொல்லைகளுக்கு யானைகள் இரவில் வருகின்றன. அவை காட்டுக்குத் திரும்பும் விடியற்காலையும் நாம் பொறி பார்க்கப் புறப்படும் நேரமும் ஒன்றே. யானை நிற்கிறது என்று ஊரார் தடுத்தால் நீங்கள் போகக் கூடாது. நீங்கள் போகாவிட்டால் பொறிக்குள் இருப்பது வெந்து சாகும். எனவே ஒவ்வொரு மாலையும் வனச்சரக அலுவலகத்திலும், கொல்லைக் காவலுக்குப் படுப்பவர்களிடமும் விசாரித்துவிட்டு, ஐயம் இருந்தால் அன்றிரவு பொறிகளைத் திறக்காமலே விட்டுவிடுங்கள். ஒரு நாள் தரவு போனால் போகட்டும்.

படி 4: பொறி வைத்தல்

மடக்கும் வகை ஷெர்மன் பொறியை (எலி உள்ளே மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும் அலுமினியப் பெட்டி) வரப்போரம், வேலியடி, புதர் நிழல் ஆகிய இடங்களில் பத்து மீட்டர் இடைவெளியில், ஆடாதபடி மண்ணில் பதித்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, அருகில் வண்ணத் துணி கட்டுங்கள். இரையாக வறுத்த வேர்க்கடலையுடன் கேழ்வரகு மாவைப் பிசைந்து சிறு உருண்டையாக வைக்கலாம். இரவு முழுவதும் தின்னப் போதுமான அளவு இருக்கட்டும். மார்கழிக் குளிரில், குறிப்பாகத் தளி, ஓசூர் மேட்டுநிலத்தில், ஒரு பிடி பஞ்சு வைக்காமல் பொறியைத் திறக்கவே கூடாது.

எறும்பைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. இங்கோ, தப்பியோட வழியற்ற எலியை எறும்புக் கூட்டம் இரவோடிரவாகக் கடித்தே கொன்றுவிடும். எறும்புச் சாரையைக் கண்டால் பொறியைச் சில அடி தள்ளி வையுங்கள், பூச்சிமருந்து தூவாதீர்கள்.

மூஞ்சூறும் சில வேளை உள்ளே புகும். அதன் உடல் இடைவிடாமல் உணவு கேட்பதால், சில மணி நேரப் பட்டினியே அதற்கு எமனாகும். வீட்டுச் சுவர், மாட்டுக்கொட்டகை ஆகியவற்றின் அருகே பொறி வைத்தால் நள்ளிரவிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். முடியாதென்றால் அங்கே வைக்காதீர்கள்.

படி 5: கையாளுதல்

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். எலிகளின் சிறுநீர்வழி எலிக்காய்ச்சல் பரவும். இந்தியாவில் பிளேக் கிருமியைக் காட்டுவெளியில் தாங்கி நிற்கும் இனமாக அறியப்பட்டதும் இந்த வெள்ளெலியே.

பொறியின் வாயில் துணிப்பையைச் சேர்த்துப் பிடித்து, கதவைத் திறந்து, மெல்லச் சாய்த்தால் எலி இருட்டை நாடித் தானே பைக்குள் இறங்கும். பையோடு வில் தராசில் மாட்டி எடை பார்த்து, பின்பு வெறும் பையின் எடையைக் கழியுங்கள். அடுத்து, பைக்கு வெளியிலிருந்தே தலையின் பின்புறத்தைக் கண்டறிந்து, பிடரித் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றி, உடலை உள்ளங்கையில் தாங்குங்கள். மார்பை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

வெள்ளெலியை வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். நுனியில் கறுத்த மயிர்க்குஞ்சம் உள்ள அந்த நீண்ட வாலின் தோல், இழுத்தால் உறைபோல் கழன்று வந்துவிடும்; அது மீண்டும் வளராது.

அடையாளத்துக்கு இடுப்புப் பகுதியில் சிறிது மயிரைக் கத்தரித்தால் போதுமானது. கால்விரல் நுனியை வெட்டும் பழைய வழக்கத்தைக் குறுகிய கால ஆய்வுக்கு நான் ஏற்பதில்லை. முலைக்காம்பு பருத்து, சுற்றிலும் மயிர் உதிர்ந்திருந்தால் வளையில் குட்டிகள் காத்திருக்கின்றன என்று பொருள். அவளை அளக்காமலே முதலில் விட்டுவிடுங்கள்.

படி 6: விடுதலும் அதன் பிறகும்

பிடித்த பொறியின் அருகிலேயே, புதர் மறைவில், தரையில் பையை விரித்து விடுங்கள். குளிரில் விறைத்துத் தளர்ந்திருந்தால் கையுறையணிந்த உள்ளங்கையில் பஞ்சோடு பொத்தி, சுறுசுறுப்பு வந்தபின் விடலாம். காயம் பிழைக்க முடியாத அளவுக்கு இருந்தால் என்ன செய்வது, யார் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்னதாகவே எழுதிவைத்திருக்க வேண்டும். இறப்பு நேர்ந்தால் பொறி எண், நேரம், காரணம் மூன்றையும் குறிப்பேட்டில் பதியுங்கள். ஒரே இரவில் இரண்டாவது இறப்பு நேர்ந்தால் காரணம் தெரியும்வரை ஆய்வை நிறுத்துங்கள்.

கடைசி நாளில் பொறிகளை எண்ணி எடுத்து, எண் வரிசையைச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை கொல்லையை விட்டு நகரக் கூடாது. மறந்துபோன திறந்த பொறி, நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் பிடித்துக்கொண்டேயிருக்கும். பிறகு எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மடித்து அடுக்குங்கள்.