எரிந்த வீட்டில் மண்வாரியை எடுக்கும் முன்

2025 ஜனவரி 7 அன்று மூண்ட ஈட்டன் தீ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கும் அல்டடீனாவில் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தின்றது. மனைகளுக்குள் போக அனுமதி கிடைத்த பிறகு, தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு உதவ அங்கே போயிருந்தேன். பக்கத்து மனையில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு இளைஞர்கள் இறங்கினார்கள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத மண்வாரிகள், ஒரு பெட்டி கறுப்புக் குப்பைப் பைகள், தோளில் மாட்டும் இலை ஊதும் எந்திரம் ஒன்று. “சாயங்காலத்துக்குள் இந்த இடத்தைத் துடைத்துவிடலாம்” என்றான் அவர்களில் ஒருவன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2020இல் இதே வாக்கியத்தைச் சொன்னவன் நான்.

கையுறை போடுங்கள், கனமான பூட்ஸ் அணியுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. நல்ல மனதோடு போகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே சாம்பலை அள்ளுவது

2020 ஆகஸ்ட் 16 விடியற்காலையில் மழையில்லாத மின்னல்கள் வடக்குக் கலிஃபோர்னியா எங்கும் இறங்கின. சான்டா குரூஸ் மலைகளில் அவை மூட்டிய தீ 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஏறக்குறைய 1,500 கட்டடங்கள் போயின. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த மலை ஒரு மணி நேரப் பயணம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குளம் தூர்வாரிய பழக்கம் எங்களில் பாதிப் பேருக்கு இருந்தது. சிரமதானம் என்றால் வரிசையாக நின்று அள்ள வேண்டியதுதானே என்று எட்டுப் பேர் கிளம்பினோம்.

போல்டர் கிரீக் பக்கம், சரிவில் இருந்த வீடு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக வாழ்ந்த இடம். செங்கல் புகைபோக்கியும் அடுப்பும் தண்ணீர் சூடேற்றும் கலமும் மட்டும் நின்றுகொண்டிருந்தன. மற்றதெல்லாம் முழங்கால் உயரச் சாம்பல். தொலைபேசியில் அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தோம். ஐந்து மணி நேரத்தில் எழுபது பைகளை நிரப்பி, வாசற்பாதையில் இரண்டு வரிசையாக அடுக்கினோம். கான்கிரீட் தளம் பளிச்சென்று தெரிந்தது. படம்கூட எடுத்துக்கொண்டோம்.

மூன்று மணிக்கு அந்த அம்மா வந்தார். தளத்தைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இதில் சமையலறை எது?”

ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. எந்தப் பையில் எந்த அறை இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

எரிந்த வீட்டின் சாம்பல் கலந்த குப்பை போலத் தெரியும். உண்மையில் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கூரை கடைசியில் இடிந்து விழுவதால் மேலே ஓட்டுச் சில்லும் ஆணியும் கிடக்கும். அதன் கீழே சுவரின் ஜிப்சம் பலகை வெள்ளை மாவாக உதிர்ந்திருக்கும். அதற்கும் கீழேதான் வீட்டுப் பொருள்கள். அலமாரியில் இருந்த பாத்திரம் பெரும்பாலும் அலமாரி நின்ற இடத்துக்கு நேர் கீழேயே விழுந்திருக்கும். ஆகவே, வீட்டுக்காரரிடம் ஒரு வரைபடம் வாங்கினால், ஒவ்வோர் அறையிலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மண்வாரி ஒரே வீச்சில் அந்த வரைபடத்தை அழித்துவிடுகிறது.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். காப்பீட்டு நிறுவனம் அறைவாரியாகப் பொருள் பட்டியல் கேட்டது. உருகிய தையல் எந்திரமும் அடுக்கோடு ஒட்டிப்போன பீங்கான் தட்டுகளும் இருந்த இடத்திலேயே படம் பிடிக்கப்பட்டிருந்தால் பாதிப் பட்டியல் தானாக வந்திருக்கும். அவரோ நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தார், வாரக் கணக்கில். அடுத்தது பைகள். தீச்சாம்பலைச் சாதாரணக் குப்பையாக எந்தக் கிடங்கும் வாங்காது. சோதனைக்கு ஒரு கைப்பிடி எடுத்தபோது பழைய தரை விரிப்பிலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தெரிந்தது. ஓர் அறையின் மூலையில் கிடந்த நஞ்சை எழுபது பைக்கும் நாங்கள் பங்கிட்டுக் கொடுத்திருந்தோம். எழுபதையும் ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகவே கணக்கிட்டார்கள். தனி ஒப்பந்தக்காரர், தனிக் கட்டணம். பாதித் தொகையை நாங்கள் எட்டுப் பேரும் பகிர்ந்து கொடுத்தோம். மீதிப் பாதியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அரசுத் திட்டத்தில் அவருக்கு இலவசமாகவே முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

கலிஃபோர்னியாவில் இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் நிபுணர்கள் வந்து எரிவாயு உருளை, பெயின்ட், பூச்சிமருந்து, பேட்டரி, கண்ணுக்குத் தெரியும் ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவற்றை அகற்றுவார்கள். மின்சாரக் கார்கள் பெருகியதால் அல்டடீனாவில் லித்தியம் பேட்டரியே பெரிய வேலையாகிவிட்டது. பிறகுதான் இரண்டாம் கட்டம்: வீட்டுக்காரர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டால் அரசு இடிபாடுகளை அள்ளும், இல்லையென்றால் அவரே விதிப்படி தனியாரை அமர்த்திக்கொள்ளலாம். நடுவே புகுந்து அரைகுறையாக அள்ளினால் திட்டத்தில் சேரும் தகுதியே போகலாம்.

அந்த அம்மா தேடி வந்தது ஒரு சுடுமண் கிண்ணத்தை. மகள் சிறு வயதில் பள்ளிச் சூளையில் சுட்டது. அடுத்த சனிக்கிழமை பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சலித்தோம். நான்கு துண்டுகளாகக் கிடைத்தது. வெளிப்புறம் முழுக்கக் கரி. உடைந்த விளிம்புகளோ அன்று உடைத்த செங்கல் போல வெளிறி, துளிக் கரியும் இல்லாமல் இருந்தன. தீ அதை உடைக்கவில்லை. அவரும் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் கட்ட ஆய்வு முடியும்வரை உள்ளே கால் வைப்பதில்லை. முடிந்ததும் நான்கு திசையிலிருந்தும் படம், பிறகு அறைவாரியாகப் படம். வீட்டுக்காரரோடு நடந்து அறைகளின் மூலையில் சிறு கொடி நடுவோம். மூன்று பொருள்களுக்கு மேல் தேடுவதாக வாக்குக் கொடுப்பதில்லை. தூசி பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, மேலடுக்கைக் கையால் எடுத்து, கீழே கொத்துக் கரண்டியால் கிளறி, கால் அங்குலக் கண் உள்ள சல்லடையில் சலிப்போம். சலித்த சாம்பல் அதே அறையின் எல்லைக்குள் திரும்பப் போகும். நாள் முடிவில் அந்த இடம் வந்தபோது இருந்தது போலவே அழுக்காக இருக்கும். இருக்க வேண்டும்.

இலை ஊதும் எந்திரம்

வேனிலேயே இருக்கட்டும்.

கருகிய மரத்தையெல்லாம் வெட்டுவது

சான்டா குரூஸ் மலையின் அடையாளம் ரெட்வுட் மரம். பெயரைப் பார்த்து நம் ஊர்ச் செம்மரம் என்று நினைக்க வேண்டாம். இது நூறடி தாண்டி வளரும் ஊசியிலை மரம். ஓர் அடிவரை தடித்து வரும் பட்டை, உள்ளே இருக்கும் உயிரைத் தீயிலிருந்து காத்துவிடும். அடியிலிருந்து உச்சிவரை கரிக்கட்டையாக நின்ற மரங்கள், சில மாதங்களில் தண்டு நெடுகப் பச்சை முளை விட்டு, பச்சைக் கம்பளி போர்த்தியது போல ஆகிவிடுகின்றன. 1902இல் தொடங்கப்பட்ட பிக் பேசின் பூங்காவில் அதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் குழுவில் சங்கிலி ரம்பம் வைத்திருந்த ஓர் அன்பர், “பட்டுப்போன மரம் தலையில் விழும்” என்று ஒன்றை அறுத்துவிட்டார். வெட்டிய முகம் ஈரமாக, சிவப்பாக இருந்தது.

அதே மலையில் வளரும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரம் அப்படி இல்லை. தலை கருகினால் திரும்பத் தழைக்காது, நிஜமாகவே விழும். இரண்டையும் கரிக்குள் பிரித்தறிய மரம் தெரிந்தவர் வேண்டும். ரம்பம் சொந்தமாக வைத்திருப்பது அந்தத் தகுதி ஆகாது.

“கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்”

நம்மவர்கள் தவறாமல் சொல்வது. தீயில் குழாய்களின் அழுத்தம் விழும்போது புகை உள்ளே இழுக்கப்படுகிறது; பிளாஸ்டிக் குழாயும் வெந்து நச்சை உமிழ்கிறது. 2017இல் சான்டா ரோசாவிலும் 2018 தீக்குப் பின் பாரடைஸ் ஊரிலும் குடிநீரில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் போல்டர் கிரீக்கின் சில பகுதிகளுக்கும் ‘குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்’ என்று அறிவிப்பு வந்தது. பென்சீன் ஆவியாகும் பொருள். கொதிக்க வைத்தால் சமையலறைக் காற்றில் கலந்து மூக்கு வழியாக உள்ளே போகும். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

இதே கணக்கில் இன்னொன்று: தளத்தைக் குழாய் வைத்துக் கழுவ வேண்டாம். அந்தச் சரிவில் ஓடும் கறுப்பு நீர் சான் லொரென்சோ ஆற்றில் போய்ச் சேரும். சான்டா குரூஸ் நகரத்தின் முக்கியமான குடிநீர் ஆதாரம் அந்த ஆறு. மழைக்கு முன் மனையின் தாழ்ந்த பக்கம் வைக்கோல் உருளைகளைப் பதித்துவிட்டு வருவது, நூறு பை அள்ளுவதைவிடப் பெரிய உதவி.

கால் வைக்கும் இடம்

மலையில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். பிளாஸ்டிக் மூடி எரிந்து, மேலே சாம்பல் படிந்திருக்கும். மண்ணுக்கடியில் வேர் எரிந்து குழியாகிப்போன இடங்களும் உண்டு. மேலே பார்த்தால் சமதளம். டேங்க் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். போகும் பாதையைக் கம்பால் குத்திப் பாருங்கள்.

தாடி

மழித்துவிட்டு வாருங்கள். முகமூடி பொருந்தாது.

சுரண்டியதும் முடிந்தது என்று நினைப்பது

முந்தைய தீக்களில் இடிபாட்டை அள்ளிய பிறகு, அடியில் உள்ள மண்ணைச் சோதித்துத்தான் மனையை ஒப்படைத்தார்கள். 2025இல் லாஸ் ஏஞ்சலிஸில் கூட்டாட்சி அரசு ஆறு அங்குல மேல்மண்ணை வழித்ததோடு நிறுத்திக்கொண்டது, சோதனை இல்லை. அல்டடீனாவின் வீடுகள் பெரும்பாலும் பழையவை, ஈயம் கலந்த பெயின்ட் காலத்தவை. கவுன்டி (மாவட்ட) நிர்வாகம் தனியாகச் சோதித்தபோது பல மனைகளில் ஈயம் மாநில வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். காய்கறிப் பாத்தி போட்டுத் தருகிறோம் என்று கிளம்பும் குழுக்கள், முதலில் மண் சோதனைக்குப் பணம் திரட்டட்டும்.

பழைய துணி

கேட்டால் மட்டும்.

சாப்பாடு

மனையின் எல்லைக்கு வெளியே, காற்று வரும் பக்கம், மேலங்கியைக் கழற்றி, கை முகம் கழுவிய பிறகு. 2020இல் எங்கள் குழுவில் ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் புகைபோக்கியின் மேடையில் வைத்தே பிரித்தார். எள்ளுப்பொடி தூக்கலாக இருக்கிறதே என்று பாராட்டினோம். எள்ளே போடவில்லை என்று இரவு அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார்.