இதயத் தசைச் சீரமைப்பு: ஒப்புதல் தருமுன் உயிரிப்பொருளைப் பற்றிக் கேட்டறியும் முறை

மாரடைப்பில் இறந்த இதயத் தசைச் செல்களின் இடத்தில் தழும்புதான் உருவாகிறது. இளம் வயதிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு செல்கள் மட்டுமே புதுப்பிக்கப்படுவதால், இதயம் தன் இழப்பைத் தானே ஈடுசெய்ய இயலாது. இந்தக் குறையை நிரப்பவே உயிரிப்பொருட்கள், அதாவது உடலுக்குள் வைப்பதற்கேற்ற பொருட்கள், தேடப்படுகின்றன. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நோயாளியை அழைத்துச் செல்வோர், மருத்துவர் கூறுவது நிலைபெற்ற சிகிச்சையா, இன்னும் ஆய்வில் உள்ளதா என்பதை முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்.

நிலைபெற்றது பேட்ச் எனப்படும் ஒட்டுத்துண்டு. மாரடைப்புக்குப் பின் கீழறைகளுக்கு இடையிலான சுவர் கிழிந்தால், பதப்படுத்திய மாட்டு இதய உறையையோ டேக்ரான் என்னும் செயற்கை இழைத் துணியையோ வைத்துத் தைக்கிறார்கள். அது ஓட்டையை அடைக்கும். தசையைப் போலத் துடிக்காது. எந்தப் பொருள் வைக்கப்படுகிறது என்று கேளுங்கள். விலங்குத் திசுவை ஏற்க மனமில்லாதவர்கள் அதனை அறுவைக்கு முன்பே தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் ஆய்வில் உள்ளவை, இதயத்தில் ஜெல் செலுத்தும் முறைகள். அவற்றைப் பற்றிக் கேட்கும்போது கூடுதல் கவனம் தேவை. பன்றியின் இதயத் தசையிலிருந்து செல்களை நீக்கி, எஞ்சிய சட்டகத்தை ஜெல்லாக்கி வடிகுழாய் வழியே செலுத்திய முதற்கட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் 15 பேர். அத்தகைய ஆய்வு முதன்மையாகப் பாதுகாப்பை அறியவே நடத்தப்படுகிறது, பலனை உறுதிசெய்ய அல்ல. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஜெல்லை ஏறத்தாழ 300 பேரிடம் சோதித்த ஓர் ஆய்வில், இடது கீழறை விரிவடைவதை அது தடுக்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் உருவான இதய வால்வுகூட, முந்தைய மாதிரிகள் கைவிடப்பட்ட பின்னரே 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பொறுமை இத்துறையின் இயல்பு என்பதால், உடனடிக் குணம் தருவதாக யாரேனும் உறுதியளித்தால் ஐயப்படுவதே முறை.

ஆய்வில் சேர அழைத்தால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அது பெற்றுள்ள எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையோரத்தில் நம்மில் பலர் மலையாளத்தைச் சரளமாகப் பேசினாலும் அதன் எழுத்தைப் படிக்க அறியாதவர்கள். பேச்சில் புரிந்தது போதும் என்று மலையாளப் படிவத்தில் கையொப்பமிடுவது மிகவும் தவறு. நோயாளி அறிந்த மொழியில் விளக்கம் பெறுவது அவருடைய உரிமை. தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்துவிட்டுப் பதில் சொல்ல அவகாசமும் கேளுங்கள்.

பொருத்தப்பட்ட பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டின் நகலை டிஸ்சார்ஜ் சம்மரியுடன் வாங்கி வையுங்கள். ஊர் திரும்பிய பின் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும், அதனை மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும்.