வெள்ளாற்றுப் படுகையில் சிறு நீர்த்தேக்கத்துக்கு இடம் தேர்வது எப்படி?

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில கனமழை நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்ததும் வெள்ளாற்றுப் படுகையிலுள்ள திட்டக்குடி, வேப்பூர்ப் பக்கத்து மேட்டுநிலங்களில் கிணறுகள் இறங்கத் தொடங்குகின்றன. இந்த இடைவெளியை நிரப்ப ஓடைகளின் குறுக்கே சிறு நீர்த்தேக்கங்கள் உதவும் என்றாலும், தவறான இடத்தில் எழுப்பிய கரை பணத்தையும் நிலத்தையும் ஒருசேர விழுங்கிவிடும். பாசனப் பொறியியல் படிக்காத ஊராட்சிப் பொறுப்பாளரும் விவசாயியும் ஓர் இடம் தேறுமா, தேறாதா என்று முதற்கட்டமாக முடிவு செய்வதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: கீழே யாருடைய தண்ணீர் என்று பாருங்கள்

பலர் பள்ளத்தாக்கைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். நான் ஓடையின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இம்மாவட்டத்தின் ஓடைகள் பலவற்றுக்குக் கீழே ஏற்கெனவே ஓர் ஏரி உண்டு. அதன் கலங்கல் (மிகைநீர் வழியும் தாழ்ந்த சுவர்) வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். புதிய தேக்கம் அந்த வரத்தைப் பறித்தால், கீழ் ஏரியின் ஆயக்கட்டில் (அந்த ஏரி நீர் பாயும் நிலத்தில்) கடைமடை விவசாயி முதலில் பயிரை இழப்பார். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள பதிவேடு) பார்த்து, ஓடைப் புறம்போக்கு, வரத்து வாய்க்கால், ஏரி ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழேயுள்ள ஏரி சராசரி மழை ஆண்டுகளிலேயே நிரம்பாமல் நிற்குமானால், அதன் வரத்து வாய்க்காலைத் தூர்வாருவதே சரியான வேலை. புதிய இடம் தேட வேண்டிய அவசியமில்லை. ஆண்டுதோறும் கலங்கல் வழிகிற ஏரிக்கு மேலே உள்ள ஓடைகளை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தில் நீர்ப்பிடிப்புப் பரப்பை வரையுங்கள்

இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் திறந்து, தரவிலுள்ள போலிக் குழிகளை நிரப்பி, நீரோட்டத் திசையையும் நீர்ச் சேர்க்கையையும் கணக்கிட்டால் ஓடைகள் கோடுகளாகத் தெரியும். ஒரு புள்ளியைச் சுட்டி, அதற்கு நீர் தரும் பரப்பை, அதாவது நீர்ப்பிடிப்பை, ஹெக்டேரில் எடுக்கலாம். சுமார் 30 மீட்டர் கட்டங்களாலான இந்தத் தரவில் உயரம் சில மீட்டர் வரை பிழைபடக்கூடும் என்பதால், நீர்ப்பிடிப்பு எல்லைக்கு மட்டும் அதை நம்புங்கள். மூன்று மீட்டர் ஆழத் தேக்கத்தின் கொள்ளளவை அதில் கணக்கிடாதீர்கள்.

மூன்றாம் படி: மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

இந்த மாவட்டத்தில் இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மண்தான் என்பது என் உறுதியான கருத்து. மேற்கே வேப்பூர், மங்களூர்ப் பக்கம் கடினப் பாறையும் அதன்மேல் செம்மண்ணும் உள்ளன. பாறை அதிக ஆழத்தில் இல்லாத இடங்களில் தண்ணீர் நிற்கும். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மேடுகளின் அடியில் கடலூர் மணற்கல் கிடக்கிறது. அங்கே முந்திரியும் பலாவும் செழிக்கலாம், ஆனால் தேக்கிய நீர் கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீரைப் பெருக்க விரும்பினால் அது நல்ல இடம். மதகு திறந்து பாசனம் செய்ய விரும்பினால் அது வீண். கிழக்கே கடலோரத் தாழ்நிலத்தில் நிலத்தடியில் உப்புநீர் புகும் அபாயம் இருப்பதால், அங்கே ஆழமாகத் தோண்டுவது நல்லதல்ல.

கரை வரக்கூடிய கோட்டிலும் நீர்ப்பரப்பிலும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குச் சில குழிகளைத் தோண்டுங்கள். ஈரமண்ணை விரல்களால் நாடாவாகப் பிதுக்கும்போது உடையாமல் நீண்டால் களி போதுமான அளவு உண்டு. குழியில் மாலையில் நீர் நிரப்பி, அது ஊறியபின் மறுநாள் மீண்டும் நிரப்பி, 24 மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். பக்கவாட்டுக் கசிவும் இதில் சேர்வதால், உண்மையான தேக்கத்தில் இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். இருந்தாலும் குழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எளிய சோதனை போதும். சரளையும் முரம்பும் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

களி அதிகமானாலும் எச்சரிக்கை வேண்டும். வெள்ளாற்றின் கிளையான பெரிய ஓடையின் குறுக்கே 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரியின் கரையில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப உள்வாங்கிச் சீரமைக்க வேண்டியிருந்தது. தண்ணீரைப் பிடிக்கும் மண் கரையின் பாரத்தையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி. கருங்களி நிலத்தில் அதைப் பொறியாளர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: நீரின் வரவும் செலவும்

60 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பை எடுத்துக்கொள்வோம். மழையில் எவ்வளவு ஓடிவரும் என்று மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் வைத்து மதிப்பிடும் வளைவெண் முறையில், உழவு நிலத்துக்கு வளைவெண் 80 என்று வைத்தால், மண் பிடித்து வைக்கும் அளவு 25,400-ஐ 80-ஆல் வகுத்து 254-ஐக் கழித்ததில் வரும் 63.5 மி.மீ. ஆகும். இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12.7 மி.மீ., ஓட்டம் தொடங்குமுன்பே ஊறிவிடும். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால், மீதி 87.3-இன் வர்க்கத்தை, அதே 87.3-உடன் 63.5-ஐக் கூட்டிய 150.8-ஆல் வகுக்க, சுமார் 50 மி.மீ. ஓடிவரும் நீர் என்று கிடைக்கிறது. 60 ஹெக்டேரில் அது ஏறக்குறைய 30,000 கன மீட்டர்.

கொள்ளளவுக்கு, மட்டக்கருவி கொண்டு ஒரு மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடுகளை எடுத்து, அடுத்தடுத்த இரு கோடுகள் சூழும் பரப்புகளின் சராசரியை உயர இடைவெளியால் பெருக்கிக் கூட்டுங்கள். பரப்புகள் கீழிருந்து 0.2, 0.8, 1.6, 2.6 ஹெக்டேர் என்றால் மொத்தம் 38,000 கன மீட்டர் வரும். மேலுள்ள ஒரு நாள் மழை இதை முழுதும் நிரப்பாது. அடுத்த மழை நிரப்பும். இது பொருத்தமான விகிதம்.

நீர்ச் செலவை மறக்கிறவர்கள்தான் அதிகம். தை முதல் பங்குனி வரை 90 நாட்கள், சராசரிப் பரப்பு 1.6 ஹெக்டேர், ஆவியாதல் நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் 7,200 கன மீட்டர் வானுக்குப் போகும். கசிவும் அதே அளவு என்றால் 30,000-இல் எஞ்சுவது 15,600. நிலக்கடலைக்கு 500 மி.மீ. நீர் தேவை என்றால் ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் ஆகிறது. வாய்க்கால் இழப்பையும் சேர்த்தால் மூன்று ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவாகவே பாயும். அதே நீர் நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டேருக்கே போதும். பரந்து ஆழம் குறைந்த தேக்கத்தைவிட, குறுகி ஆழமான தேக்கம் ஏன் மேல் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

ஐந்தாம் படி: வெள்ளம் போக வழி

2015 நவம்பர் 9 அன்று நெய்வேலிப் பகுதியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும், பண்ருட்டி அருகே ஓடை வெள்ளம் உயிர்களை அடித்துச் சென்றதையும் நம் மாவட்டத்தார் மறக்க முடியாது. கலங்கலுக்கு இடமில்லாத தளத்தில் கரை எழுப்பவே கூடாது. மணிக்கு 100 மி.மீ. மழை, ஓட்டக் கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.5, பரப்பு 60 ஹெக்டேர் என்ற மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு 8.3 கன மீட்டர் வரும். கலங்கலின் மேல் நீர் 60 செ.மீ. உயரம் போகலாம் என்றால், அதற்கு ஏறக்குறைய பத்தரை மீட்டர் நீளமான கலங்கல் தேவை. கரையின் ஓரத்தில் பாறையோ இறுகிய நிலமோ இருந்து, வழியும் நீர் யாருடைய வீட்டையும் தொடாமல் பழைய ஓடையில் சேருமா என்று நடந்து பாருங்கள். கரைக்கு நேர் கீழே குடியிருப்பு இருந்தால் அந்த இடத்தை மறுபேச்சின்றி விலக்குங்கள்.

இத்தனையும் தேறிய இரண்டு மூன்று இடங்களை, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அங்கேயே போய்க் கவனியுங்கள். ஓடையில் நட்ட கம்பில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் நீர்மட்டத்தைச் சாயத்தால் குறித்து, தேதியையும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு, குழிச் சோதனை அளவுகள், சர்வே எண்கள், கீழ் ஏரியின் ஆயக்கட்டு விவசாயிகள் கையெழுத்திட்ட சம்மதம் ஆகியவற்றைச் சேர்த்து நீர்வளத் துறையின் உதவி செயற்பொறியாளரிடம் கொடுங்கள்; துறை ஒப்புதல் தரும் வரை ஓடைக்குள் மண்வெட்டி இறங்கக் கூடாது.