தூரத்தைக் கூட்டும்போது தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த கையோடு, வாரம் 30 கிலோமீட்டர் ஓடியவர் 45க்குத் தாவிவிடுவார். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்றால், கூடுதல் ஓட்டத்துக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். குளிப்பது, துணி மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பொழுது விடியவே ஏழு மணி ஆகும். வேலையும் அதே நேரத்துக்குத் தொடங்குகிறது. ஆக, நான்கரைக்கு அலாரம். அந்த மூன்று மணி நேரமும் தூக்கத்திலிருந்துதான் போகிறது. பெரிய தவறு இதுதான்.

‘அலுத்துப் போனால் தானாகத் தூக்கம் வரும்’ என்பது ஓரளவு வரைதான் உண்மை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற டிரையத்லான் (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீரர்களுக்கு மூன்று வாரம் பயிற்சியைச் சுமார் 30 விழுக்காடு கூட்டிப் பார்த்தார்கள். சுமை தாங்காமல் தளர்ந்தவர்களுக்குத் தூங்கும் நேரம் குறைந்தது. சளி, தொண்டைத் தொற்றும் அதிகமாக வந்தது. உடம்பு அசந்து கிடக்கும், கண் மட்டும் மூடாது. அதனால் தூரத்தைக் கூட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே படுக்கும் நேரத்தை அரை மணி முன்னால் இழுங்கள். அது முடியவில்லை என்றால் தூரத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினாலும், தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம்; நான்காவது வாரம் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

மாலையில் ஓடுபவர்களின் சிக்கல் வேறு. வேலை விட்டு வந்து, எட்டரைக்குத் திடலில் வேக ஓட்டம், ஒன்பதரைக்கு மாமாக் கடையில் தே தாரேக் என்னும் பால் தேநீர், பத்தரைக்குப் படுக்கை. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது, வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். வேக ஓட்டத்தைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்; மெதுவோட்டம் என்றால் பிந்தினாலும் அவ்வளவு கெடுதல் இல்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளித்தால் தோல் வழியாக வெப்பம் வெளியேறும். தேநீரிலுள்ள காஃபினில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு மேல் மைலோ போதும், அதுவும் சீனி குறைத்து.

எடை குறையட்டும் என்று ஓடிவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தள்ளுபவர்கள் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார்கள். சோற்றோடு முட்டை, மீன், பருப்பு ஏதாவது இருக்கட்டும். 20 முதல் 30 கிராம் புரதம் போதும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் நீர், கொஞ்சம் உப்போடு. படுக்கப் போகும்போது மொத்தமாகக் குடித்தால் இரவெல்லாம் கழிவறைக்குத்தான் நடக்க வேண்டும். கால்வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தூக்கத்துக்குக் கைக்கடிகாரம் போடும் மதிப்பெண்ணை நம்புவதைவிட நாடி பிடித்துப் பார்ப்பது மேல். எழுந்ததும், படுக்கையிலேயே, முழு 60 விநாடி எண்ணுங்கள். உங்கள் ஒரு வாரச் சராசரியைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். பயிற்சியைக் குறைத்து இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லையா, படுத்தால் கால் குறுகுறுக்கிறதா? கிளினிக்கில் இரும்புச்சத்துப் பரிசோதனை கேளுங்கள்; பெண்களுக்கு இது கூடுதலாகவே தேவைப்படும்.

பினாங்குப் பால ஓட்டம் மாதிரி நள்ளிரவு தாண்டித் தொடங்கும் மாரத்தான்களுக்கு அந்த வாரம் முழுதும் தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள். ஓட்டத்துக்கு முந்தின மத்தியானம் ஒன்றரை மணி நேரம் படுங்கள். திரும்பும்போது நெடுஞ்சாலையில் காரோட்ட, ஓடாத ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.