விசை, இயக்கம், ஆற்றல்: ஒரு பலகையும் ஒரு பந்தும் போதும்

இயற்பியல் என்றாலே சூத்திரத்தை மனப்பாடம் செய்வது என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கையால் செய்து, ஸ்கேலால் அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உங்கள் யூகத்தை எழுதி வையுங்கள்: பொருள் கனமாக இருந்தால் விடை மாறுமா? யூகம் பிசகும் இடத்தில்தான் சுவாரசியம் இருக்கிறது.

தேவையானவை: அரை மீட்டர் நீளத்தில் வழவழப்பான பலகை ஒன்று, இரண்டு புத்தகங்கள், உருண்டைப் பென்சில்கள் நாலைந்து, ஒரு ரப்பர் பந்து, 30 செ.மீ. ஸ்கேல், அளவு டேப், கைபேசி. எடை மெஷின் இருந்தால் நல்லது.

படி 1: தள்ளிவிட்டுக் கையை எடுங்கள்

மேசை மேல் புத்தகத்தை விரலால் தள்ளுங்கள், நகரும். விரலை எடுத்தால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். இதைப் பார்த்தால் ஓடுகிற பொருளை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அரிஸ்டாட்டில் அப்படித்தான் நினைத்தார், அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் உலகமும் அப்படியே நம்பியது.

இப்போது புத்தகத்துக்கு அடியில் பென்சில்களைக் குறுக்கே வரிசையாகப் போட்டு, அதே வேகத்தில் தள்ளிவிடுங்கள். இன்னும் வெகுதூரம் போகும். தள்ளியது அதேதான், தடுப்பது மட்டும் குறைந்திருக்கிறது. தடுப்பதே இல்லை என்றால்? நிற்கவே நிற்காது. கலிலியோ போன வழி இது. நியூட்டன் 1687-ல் இதைத் தன் முதல் விதியாக எழுதினார். வேகத்தை மாற்றத்தான் விசை தேவை. இருக்கிற வேகம் அப்படியே தொடர எதுவும் தேவையில்லை.

படி 2: லிஃப்டுக்குள் எடை மெஷின்

இது வாய்ப்பு இருப்பவர்களுக்கு மட்டும். லிஃப்டில் மெஷினை வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். டிஜிட்டல் மெஷின்கள் சில ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும், முள் வைத்த பழைய மெஷின்தான் இதற்குத் தோது.

உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லிஃப்ட் மேலே கிளம்பும் அந்த நொடியில் முள் 66 பக்கம் துள்ளும் (முடுக்கம், அதாவது வேகம் கூடும் அளவு, ஒவ்வொரு நொடிக்கும் 1 மீட்டர்/நொடி என்றால் கணக்கு இப்படி வரும்). அப்புறம் முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது கவனியுங்கள்: சரியாக 60. நின்றுகொண்டிருந்தபோது காட்டிய அதே எண்! மேல் மாடியில் நிற்கப் போகும்போது 54 வரை இறங்கி, மறுபடி 60-க்கு வரும். மெஷின் காட்டுவது அது உங்களை மேலே தள்ளும் விசையை. வேகம் மாறும்போது மட்டும்தான் அந்த விசை கூடிக் குறைகிறது. முதல் படியில் யோசித்துப் புரிந்துகொண்டதை இங்கே முள்ளே காட்டிவிடுகிறது.

படி 3: உராய்வை அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். கோணமானி கூட வேண்டாம்.

பலகையைத் தரையில் வைத்து, அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வையுங்கள். அந்த முனையை மெல்ல, மிக மெல்லத் தூக்குங்கள். சட்டென்று தூக்கினால் அளவு தப்பாக வரும். ஒரு கட்டம் வரை புத்தகம் அசையாது, அப்புறம் திடீரென்று வழுக்கிவிடும். வழுக்கிய இடத்தில் கையை நிறுத்தி இரண்டை அளங்கள்: தூக்கிய முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அந்த முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து மறுமுனை வரை தரையில் எவ்வளவு தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் நிலை உராய்வுக் குணகம் கிடைத்துவிடும்: புத்தகம் பலகையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு வரை உராய்வு அதை வழுக்காமல் பிடித்து வைக்கும் என்பதைச் சொல்லும் எண். உயரம் 18 செ.மீ., தூரம் 45 செ.மீ. என்றால் 18 ÷ 45 = 0.4. ஐந்தாறு முறை செய்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

இப்போது யூகத்தை எடுங்கள். முதல் புத்தகத்தின் மேல் இரண்டாவது புத்தகத்தை ஏற்றி, திரும்பச் செய்யுங்கள். கனம் கூடியதால் சீக்கிரம் வழுக்குமா, தாமதமாக வழுக்குமா?

இரண்டும் இல்லை. ஏறக்குறைய அதே உயரம்தான் வரும். கனம் இரண்டு மடங்கானால் கீழே இழுக்கும் விசையும் இரண்டு மடங்கு, பலகையை அழுத்தும் விசையும் இரண்டு மடங்கு, அதனால் உராய்வும் இரண்டு மடங்கு. எல்லாம் சேர்ந்து கூடுவதால் விடையில் கனம் அடிபட்டுப் போகிறது.

இன்னொன்று. வழுக்கும் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பலகையைப் பிடித்துக்கொண்டு, விரலால் லேசாகத் தட்டுங்கள். புத்தகம் கிளம்பி, நிற்காமல் கீழே வரை போய்விடும். கிளப்புவதற்குத்தான் அதிக விசை வேண்டும், ஓட ஆரம்பித்தபின் உராய்வு குறைந்துவிடுகிறது. கனமான பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

படி 4: பந்தின் ஆற்றல் கணக்கு

அளவு டேப்பைச் சுவரில் நெட்டுக்குத்தாக ஒட்டுங்கள். பந்தின் அடிப்பக்கம் 1 மீட்டர் கோட்டில் இருக்கும்படி பிடித்து, தள்ளாமல் விட்டுவிடுங்கள். எம்பும் உயரத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். எடுக்கும்போது கைபேசி பந்து எம்பி நிற்கும் உயரத்துக்கு நேராக இருக்கட்டும், மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் அளவு ஏமாற்றும்.

100 கிராம் பந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது அதன் நிலையாற்றல் (உயரத்தில் இருப்பதால் வரும் ஆற்றல்) நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்: 0.1 × 9.8 × 1, அதாவது ஏறக்குறைய 1 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). விழ விழ அது இயக்க ஆற்றலாக, அதாவது வேகத்தால் வரும் ஆற்றலாக மாறும். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர். எம்பும்போது மறுபடி உயரமாக மாறும். பந்து 64 செ.மீ. எம்பினால் 64 சதவீத ஆற்றல் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த எம்பலை இப்போதே சொல்லிவிடலாம்: 64-ல் 64 சதவீதம், 41 செ.மீ. பக்கம். வீடியோவை ஓட்டிச் சரிபாருங்கள், பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்கும்.

மீதி 36 சதவீதம்? பந்து நசுங்கி விரியும்போது வெப்பமாகவும், "டப்" என்ற சத்தமாகவும், தரையின் அதிர்வாகவும் போய்விட்டது. ரப்பர் பந்தை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், எம்பல் குறையும். குளிர்ந்த ரப்பர் அதிக ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடும்.

கனமான பந்து என்றால் வேகமாக விழுமா என்ற கேள்விக்கும் பதில் "இல்லை" என்பதுதான். காற்று தடுக்காதவரை எல்லாம் ஒரே வேகம். 1971-ல் அப்பல்லோ 15-ல் போன டேவிட் ஸ்காட், நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

படி 5: பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

முதலில் உங்கள் கை எவ்வளவு சுறுசுறுப்பு என்று பார்த்துவிடலாம். நண்பர் ஸ்கேலைத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும், பூஜ்யக் கோட்டுக்கு நேரே உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் விட, நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.-ல் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்டது 0.2 நொடி. 15 செ.மீ. என்றால் 0.175. சாலையில் எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்து, காலை பிரேக்குக்கு மாற்றுவதற்குள் சுமார் 1 நொடி ஆகிவிடும்.

இனி மூன்றாம் படியையும் நான்காம் படியையும் சேர்த்துவிடலாம். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்ன வேண்டும். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை வருவதால் மறுபடி அடிபட்டுவிடும், மிஞ்சுவது இதுதான்:

தூரம் = வேகம் × வேகம் ÷ (2 × உராய்வுக் குணகம் × 9.8)

காய்ந்த சாலைக்குக் குணகம் 0.7 என்று வைத்தால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் (நொடிக்கு 11.1 மீட்டர்) 9 மீட்டர். 80 கி.மீ.-ல் 18 அல்ல, 36 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த 1 நொடியில் 22 மீட்டர் ஓடியிருக்கும், ஆக மொத்தம் 58. சாலை நனைந்து குணகம் 0.4 ஆனால் மொத்தம் 85 மீட்டர்.

அப்படியானால் லாரிக்கும் காருக்கும் ஒரே தூரம்தானா? டயரின் பிடிப்பை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் 80 கி.மீ. வேகத்தில் 1,500 கிலோ கார் நிற்க அதன் பிரேக் சுமார் 3.7 லட்சம் ஜூலை வெப்பமாக்க வேண்டும். 15,000 கிலோ லாரிக்கு அது 37 லட்சம். தூரக் கணக்கில் அடிபட்டுப் போன நிறை, வெப்பக் கணக்கில் முழுதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கனரக வண்டிகளைக் கீழ் கியரில் இறக்கச் சொல்வது இதனால்தான்: அந்த ஆற்றலில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.