புலத்துக்கு வேலி போடாதீர்கள்: விசைப்புலம் பற்றி எழுதுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பட்டறைக்கு வந்திருந்த அறிவியல் புனைகதைகளைத் திருத்த உட்கார்ந்தேன். பாதிக்கு மேற்பட்ட கதைகளில் விண்கலத்தைச் சுற்றி ஒரு நீலக் குமிழி இருந்தது, ஏவுகணை அதில் மோதி வெடித்தது, குமிழிக்கு 'விசைப்புலம்' என்று பெயர். சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய முதல் கதையிலும் இதே குமிழிதான், இதே நீலம்தான்.

விசையையும் ஆற்றலையும் குழப்புவது, அலகை மாற்றிப் போடுவது மாதிரியான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் காட்டினாலே திருத்திக் கொடுத்துவிடும்.

புலத்துக்கு எல்லை வைப்பது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது. ஒருமுறை காசும் போனது.

பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பூமியின் காந்தப்புலம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டோம். அட்டைப்படம் என் யோசனை: நடுவில் பூமி, சுற்றிலும் அழகான ஒரு வட்டம், அதன்மேல் 'காந்தப்புலத்தின் எல்லை' என்று எழுத்து. அச்சாகிக் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்த பிறகு, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, புத்தகம் நல்லா இருக்கு. எல்லைக்கல் எங்கே நட்டிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, நானும் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையிலும் அந்த வட்டத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஸ்டிக்கர் செலவு, புத்தகத்தில் வந்திருக்க வேண்டிய லாபத்தைவிட அதிகம்.

தவறில் கொஞ்சம் பங்கு அந்தச் சொல்லுக்கும் உண்டு. புலம் என்றால் வயல், நிலம். நம் ஊர்ப் பட்டாவில் 'புல எண்' இருக்கிறது, பத்திரத்தில் நான்கெல்லை இருக்கிறது, வரப்பைத் தாண்டினால் அது பக்கத்து வீட்டுக்காரர் நிலம். அதே நினைப்போடு இயற்பியலுக்குள் போனால் சறுக்கிவிடும். அங்கே புலம் என்பது ஒரு பரப்பைச் சுற்றி வளைத்த இடம் அல்ல, வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் ஒரு மதிப்பு. இந்தப் புள்ளியில் ஒரு துகளை வைத்தால் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக விசை வரும் என்பதைச் சொல்லும் மதிப்பு. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்றால் காது அடைக்கும், நாலு தெரு தள்ளினால் பேசிக்கொள்ள முடியும், ஊருக்கு வெளியே லேசாகக் கேட்கும். பாட்டு இந்த இடத்தோடு முடிந்தது என்று எங்கே கோடு கிழிப்பீர்கள்?

ஈர்ப்பு விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் மோசம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் விநாடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் ஓடுவதால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 பூமியைச் சுற்றுவதை விட்டு நிலவை நோக்கிக் கிளம்பியபோது 'பூமியின் ஈர்ப்பு விசையைத் தாண்டியது' என்று எத்தனை செய்திகள் வந்தன! நிலவே பூமியின் ஈர்ப்பில்தானே சுற்றுகிறது? அதைத் தாண்டிவிட்டுப் பின்னே எதைச் சுற்றுகிறது? கணக்குப் போடுகிறவர்கள், பூமியைவிட நிலவை மையமாக வைத்துக் கணக்கிடுவது வசதி என்னும் இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுக்கொள்வார்கள். கணக்குக்காகப் போட்ட கோடு அது. கலம் அதைக் கடக்கும்போது உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பாது.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே கேட்பார்: பூமியின் காந்தப்புலத்துக்கு நிஜமாகவே ஓர் எல்லை உண்டே, சூரியன் இருக்கும் பக்கம் சுமார் 65,000 கி.மீ. தூரத்தில்? உண்டு. ஆனால் அது புலம் தானாக முடிகிற இடம் கிடையாது. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள், இந்தப் பக்கம் அழுத்த, காந்தப்புலம் எதிர்த்து நிற்க, இரண்டும் சமமாகிற இடம். சூரியன் சீறினால் அது பூமியை நோக்கி உள்ளே வரும், தணிந்தால் வெளியே போகும். எதிர்ப்பக்கத்தில் வால் போல் நீண்டு நிலவின் பாதையையும் தாண்டிப் போகிறது. இதில் எந்த வட்டத்தை நான் வரைந்தேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? கைப்பேசியில் காந்தமானிச் செயலி ஒன்றைப் போட்டு, இரும்புக் கம்பி இல்லாத திறந்த வெளியில் நில்லுங்கள். தமிழ்நாட்டில் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி ஓர் எண் வரும் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நீங்கள் புலத்துக்குள்தான் நிற்கிறீர்கள், அது உங்கள் உடம்பின் ஊடாகவும் போகிறது. தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம், அந்த வட்டாரத்தை ஒட்டித்தான் காந்த நடுக்கோடு போகிறது, செங்குத்தாகச் சாயக்கூடிய காந்த ஊசி அங்கே கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வகம் வைத்திருப்பது சும்மா இல்லை.

'கவசம்' என்று எழுதுவது

முந்தைய தவறின் தம்பி இது. பூமியின் காந்தப்புலம் நம்மைக் காக்கும் கவசம் என்று எழுதியதும் படிக்கிறவர் மனதில் இரும்புத் தகடு வந்துவிடுகிறது. காந்தப்புலம் எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. மின்னூட்டம் உள்ள, நகர்கிற துகளை மட்டும், அது போகும் திசைக்குக் குறுக்கே தள்ளி வளைத்துவிடும், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. காமாக் கதிருக்கும் எக்ஸ் கதிருக்கும் மின்னூட்டமே இல்லை, காந்தப்புலத்தை அவை கண்டுகொள்வதே இல்லை. அவற்றை நிறுத்துவது காற்று: உங்கள் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 10 டன் காற்று நிற்கிறது. பாவம், அதற்கு யாரும் கவசம் என்று பெயர் வைப்பதில்லை. கவசம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம், சூரியன் சீறியதால் வந்த காந்தப் புயலால், 9 மணி நேரம் இருட்டில் கிடந்திருக்காது, 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்திருக்காது.

கோடுகளை எண்ணுவது

காந்தத்தைச் சுற்றித் தூவிய இரும்புத்தூள் கோடு கோடாக நிற்பதைப் பார்த்துவிட்டு, கோடுகளுக்கு நடுவே புலம் இல்லை என்று எழுதாதீர்கள். துகள்கள் காந்தமாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வரும் வரிசை அது. இந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு யோசித்தவர் மைக்கேல் பாரடே. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர், உயர்கணிதம் தெரியாது. ஒரு பொருள் இன்னொன்றை நடுவில் எதுவும் இல்லாமல் எப்படி இழுக்கும் என்று 1693-இல் நியூட்டனே ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். அதற்கு முதலில் உருப்படியான பதில் கொடுத்தவர் பாரடேதான். கணிதத்தை அப்புறம் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் பார்த்துக்கொண்டார்.

குமிழிக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது

கதையில் குமிழி வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், நான் தடுக்கவில்லை. 'தடுப்பு' என்றோ 'திரை' என்றோ பெயர் வைத்தால் என் வாயும் அடைந்துவிடும். ஆனால் அதற்கு விதி ஒன்று வேண்டும். லேசரைத் தடுக்கிற திரை வெளிச்சத்தையும் தடுக்குமே, லேசரும் வெளிச்சம்தானே, அப்படியானால் உள்ளே இருக்கும் நாயகன் எதிரியின் கப்பலை எப்படிப் பார்க்கிறான்? ஏவுகணை திரையில் மோதினால் அந்த உதை எங்கே போகிறது? நியூட்டனின் மூன்றாம் விதி விடுமுறையில் போகாது, திரையை உண்டாக்கும் இயந்திரம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? 1965-இல் வந்த 'டியூன்' நாவலில் கேடயம் வேகமாக வருவதைத் தடுக்கும், மெதுவாக வருவதை உள்ளே விடும். அந்த ஒரே விதியால் துப்பாக்கி பயனில்லாமல் போய், வாள்சண்டை திரும்பி வருகிறது. இயற்பியல் சரியா என்பது வேறு விஷயம், விதி கதையைச் சுமக்கிறது.

லட்சுமண ரேகையை இழுப்பது

'நம் முன்னோர் அப்போதே விசைப்புலம் கண்டுபிடித்தார்கள்' என்று தொடங்கும் கட்டுரைகளை நான் முதல் பத்தியோடு மூடிவிடுவேன். அந்த ரேகை வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனில் இராவணன் சீதையைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். அதைவிட நல்ல காட்சி கதைக்கு வேண்டுமா என்ன?

'போயிங் விசைக் கேடயம் செய்துவிட்டது'

விமானம் செய்யும் அந்த நிறுவனத்துக்கு 2015-இல் காப்புரிமை கிடைத்தது, அவ்வளவுதான். அதுவும் வெடிப்பின் அதிர்வலையைத் தணிக்கத்தான், பறந்து வரும் துண்டுகளுக்கு அல்ல.

தவளை மிதந்ததே?

1997-இல் ஆய்வகத்தில் ஒரு தவளையைக் காந்தப்புலத்தால் மிதக்கவைத்தார்கள், உண்மைதான். அந்த ஒரு தவளைக்கே 16 டெஸ்லா வேண்டியிருந்தது.

நிஜமானதை விட்டுவிடுவது

குமிழியிலேயே கண் இருப்பதால், அதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற பொருளை யாரும் எழுதுவதில்லை. 1995-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 'பிளாஸ்மா ஜன்னல்' ஒன்றைச் செய்தார்கள். ஒரு சின்னத் துளையில் மின்சாரத்தால் வாயுவைக் கொதிக்கவைத்துப் பிளாஸ்மாவாக்கி, அதாவது மின்னூட்டம் பெற்ற சூடான வாயுவாக்கி, நிறுத்தினால், ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் சாதாரணக் காற்று, நடுவே கண்ணாடியோ தகடோ கிடையாது. காற்று உள்ளே பாய்வதில்லை, ஆனால் எலக்ட்ரான் கற்றை அதன் வழியாகப் போய் வெளியே இருக்கும் இரும்பை வெல்டிங் செய்யும். கப்பலை எல்லாம் மூடாது, துளை அவ்வளவு சின்னது, மின்சாரமும் ஏகத்துக்குக் குடிக்கும். ஒரு வெல்டிங் பட்டறையில் நடக்கிற கதையாக இதை யாராவது எழுதி அனுப்பினால் முதலில் அதைத்தான் படிப்பேன். அட்டைப்படத்தில் மட்டும் வட்டம் வேண்டாம், என்னிடம் மிச்சம் இருந்த ஸ்டிக்கரெல்லாம் தீர்ந்துவிட்டது.