சந்தன நிற சீட் பெல்ட்டில் ஏறிய கறையை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

எங்கள் காரின் உள்பக்கம் முழுக்கச் சந்தன நிறம். வாங்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு கோடை கழிந்ததும் டிரைவர் பக்கத்து பெல்ட் தோளில் படும் இடத்தில் மட்டும் பழுப்பேறிவிட்டது. வியர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், ரோட்டுத் தூசி மூன்றும் சேர்ந்து நெசவுக்குள் இறங்கிய அழுக்கு அது. வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தால் மார்பில் குறுக்காக ஒரு கோடு விழும்.

இதை எடுக்கப் பெரிய செலவில்லை. ஆனால் காய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். மறுநாள் வண்டி தேவைப்படாத நாளாகப் பார்த்து மாலையில் ஆரம்பியுங்கள்.

எதைப் போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளீச், பாத்ரூம் கழுவும் ஆசிட், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டவே வேண்டாம். பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையில் நெய்தது. இவை பட்டால் வெளியே பளிச்சென்று தெரியும், உள்ளே இழை பலமிழந்திருக்கலாம். விபத்தில் நம்மைத் தாங்கிப் பிடிக்கப்போவது அந்த இழைதான். காரோடு வரும் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் என்றுதான் போட்டிருக்கும்.

தேவையானவை: குழந்தைகளுக்கான ஷாம்பூ, மெத்தென்ற டூத்பிரஷ், வெளிர் நிறத்தில் நான்கைந்து பழைய காட்டன் துணிகள், ஒரு பெரிய பைண்டர் கிளிப். துணி சாயம் போகாததாக இருக்கட்டும்.

பெல்ட்டை மெதுவாக, கடைசி வரை இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் லாக் ஆகிவிடும். முழுதும் வந்ததும், தோளுக்கு மேலே அது நுழைந்து வரும் வளையத்துக்குப் பக்கத்தில் துணியை மடித்து வைத்து கிளிப்பைப் போடுங்கள். இனி அது உள்ளே ஓடாது. சீட்டின் மேல் ஒரு டவலை விரித்துக்கொள்ளுங்கள். இப்போதே நாடாவை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் பிசிறியிருந்தாலோ, வெட்டோ தீக்காயமோ இருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, பெல்ட்டையே மாற்ற வேண்டும்.

அடுத்து காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஷாம்பூ விட்டு நன்றாக நுரை கட்டுங்கள். பிரஷ்ஷில் நுரையை மட்டும் எடுக்க வேண்டும். நாடாவைத் தண்ணீரில் முக்கவோ, தண்ணீரை அதன் மேல் ஊற்றவோ கூடாது. நெசவு ஓடும் நீளவாக்கில், ஒரு சாண் ஒரு சாணாகத் தேயுங்கள். ஒரு சாண் முடிந்ததும் ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். முதல் துடைப்பிலேயே துணியில் டீ டிகாஷன் நிறத்தில் அழுக்கு இறங்கும். துணி வெள்ளையாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். எங்கள் பெல்ட்டுக்கு நான்கு முறை ஆனது. அப்புறம் பின்பக்கமும் தேயுங்கள், சட்டையில் உரசுவது அந்தப் பக்கம்தான்.

சாம்பார், குழம்பு சிந்திய மஞ்சள் கறையா? துணி சோப்பு பட்டால் அது சட்டென்று சிவக்கும். பதற வேண்டாம், சோப்பில் உள்ள காரத்தன்மை பட்டால் மஞ்சளின் குணம் அப்படி. ஈரத்துணியால் சோப்பை எடுத்ததும் மஞ்சளுக்கே திரும்பிவிடும். மிச்சமிருக்கும் லேசான நிறம் வெளிச்சத்தில் நாளாக நாளாக மங்கும். வலுவான மருந்து தேடிப் போகாதீர்கள்.

மேலே உள்ள அந்த வளையத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெல்ட் சோம்பலாக உள்ளே போவதற்கு அதில் படியும் பிசுக்கும் ஒரு காரணம். மெல்லிய துணியை நுரையில் நனைத்துப் பிழிந்து வளையத்துக்குள் கோத்து, மோர் கடைகிற கயிற்றைப் போல இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுங்கள். கறுப்பாக வரும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும், கழற்றாதீர்கள். நிறைய கார்களில் விபத்து நேரத்தில் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் கருவி உள்ளே இருக்கிறது. பக்கிளுக்குள்ளும் தண்ணீர் போகக் கூடாது.

கடைசியாகக் காய்ந்த துணிக்குள் நாடாவை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். கிளிப்பைக் கழற்றாமல், வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு நாள் முழுக்க. ஹேர் டிரையர் சூடு வேண்டாம், டேபிள் ஃபேன் போதும். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஈரத்தோடு உள்ளே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காருக்குள் ஊறிய துணி வாடை. வெளியே இழுத்துப் பார்த்தால் நாடா முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளிகள்.

காலையில் நாடாவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்திருந்தால் கிளிப்பை எடுத்து, கையால் பிடித்தபடி மெதுவாக உள்ளே விடுங்கள். பிறகு வெடுக்கென்று இரண்டு முறை இழுத்துப் பாருங்கள், லாக் ஆக வேண்டும். பக்கிளில் மாட்டினால் டிக்கென்று விழ வேண்டும். இரண்டில் எது சரியில்லை என்றாலும், அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் நேராக சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.